மேப்பிளின் கழுத்தை நெரிக்கும் வேர்: ரொறன்ரோவில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

எங்கள் ஸ்காபரோ வீட்டின் பின்வளவில் ஒரு நோர்வே மேப்பிள் நிற்கிறது. வீட்டை வாங்கிய இரண்டாம் வருடம், அதன் மேற்குப் பக்கக் கொப்புகள் மட்டும் ஓகஸ்ட் கடைசியிலேயே மஞ்சளித்துவிட்டன. மற்றப் பக்கம் ஒக்டோபர் முடியும் வரை பச்சையாக நின்றது. வெயில் கூட என்று நினைத்துத் தண்ணீர் விட்டோம். அடுத்த வருடம் பசளை போட்டோம். அதற்கும் அடுத்த வருடம் உச்சியில் கொப்புகள் காயத் தொடங்க, ஆள் பிடித்து 380 டொலர் கொடுத்து அவற்றை வெட்டுவித்தோம். வந்தவர் மேலே பார்த்தார், வெட்டினார், போய்விட்டார். மரத்தின் அடியை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்கு விலை சொல்ல வந்த மரப் பராமரிப்பில் தேர்ந்த ஒரு ஆர்பரிஸ்ட் பெண்தான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இந்த மரம் ஏன் லைட் கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்குகிறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. ஆனால் அதற்குப் பிறகும் நாங்கள் வேலையைத் தலைகீழான ஒழுங்கில் செய்ததால் ஒரு முழுப் பருவத்தை இழந்தோம். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சில வேர்கள் வெளியே ஓடாமல் அடிமரத்தைச் சுற்றி வளரும். மரம் வருடா வருடம் பருக்கும், வேரும் பருக்கும். ஒரு நாள் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதன் பிறகு வேர் அடிமரத்தை அழுத்த, அந்தப் பக்கத்தில் தண்ணீர் மேலே போவதும் இலை செய்த உணவு கீழே இறங்குவதும் குறைந்துகொண்டே வரும். நான் இதை நெரிவேர் என்று எழுதுகிறேன். இங்கே ஆட்களிடம் பேசும்போது "கேர்ட்லிங் ரூட்" என்று சொல்லுங்கள், உடனே விளங்கும். நட்டுப் பத்து, இருபது வருடம் மரம் நல்லாகத்தான் தெரியும். அதனால்தான் வீட்டை விற்றுப் போனவருக்கும் இது தெரிந்திருக்காது.

1. மேலே பார்க்காமல் அடியைப் பாருங்கள்

நல்ல மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்திருக்கும். இங்கே அதை "ரூட் ஃபிளேர்" என்பார்கள், நான் அடிவிரிவு என்கிறேன். அந்த விரிவு எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். அடிமரம் கம்பம் நட்டது போல நேரே இறங்கினால் மரம் ஆழத்தில் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று பக்கம் விரிந்து ஒரு பக்கம் மட்டும் தட்டையாகவோ உள்ளே ஒடுங்கியோ இருந்தால், அந்தப் பக்கத்தில் நெரிவேர் இருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு.

மேலே தெரியும் அடையாளங்களும் உண்டு: ஒரு பக்கம் மட்டும் முந்தி நிறம் மாறுதல், இலைகள் சிறுத்துப்போதல், உச்சிக் கொப்புகள் காய்தல், அடிமரப் பட்டை வெடித்தல். ஆனால் இவற்றை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். மேப்பிளுக்கு வேர்டிசிலியம் என்ற பூஞ்சை நோய் வந்தாலும் ஒரு பக்கம்தான் முதலில் வாடும். டிரைவ்வேக்குப் போடும் உப்பும் ஒரு பக்கத்தைக் காய வைக்கும். ஆகவே கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அடிமரத்தை ஒட்டித் தளர்வாகக் கிடக்கும் மேல்மண்ணை விரலால் மெதுவாக விலக்குங்கள். அடிமரத்துக்குக் குறுக்கே கயிறு போல ஓடும் வேர் தட்டுப்பட்டால் படம் எடுத்துவிட்டு மண்ணைத் திரும்ப மூடி விடுங்கள். இப்போதைக்கு அவ்வளவுதான். ஒன்றையும் வெட்டாதீர்கள்.

நோர்வே மேப்பிளில் இது மிக அதிகம். வேறு மேப்பிள்களிலும் சிறிய இலை லிண்டனிலும் அடிக்கடி காணலாம். பிளாஸ்டிக் சட்டியில் நெடுநாள் நின்ற கன்று, ஆழமாக நட்ட கன்று, வீடு கட்டும்போது இறுக்கிய களிமண், அடியில் குவித்த மல்ச் (மண்ணை மூடப் போடும் மரச்சீவல்), இவைதான் பெரும்பாலும் காரணம்.

மல்ச் பற்றி எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் வாழைக்கும் தென்னைக்கும் அடியில் மண் அணைத்துப் பழகிய கை எங்களுடையது. தென்னை, மேப்பிளைப் போல வருடா வருடம் தண்டு பருக்கும் மரம் இல்லை. அதன் வேரும் அடியிலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். அங்கே மண் அணைப்பது நல்லது. அதே அன்போடு மேப்பிளுக்கு மண் அணைத்தால் பட்டை ஈரத்தில் அழுகும், வேர் மேலே ஏறி அடிமரத்தைச் சுற்றும். என் மாமனார் இரண்டு கோடையாக எங்கள் மரத்துக்கு ஆசையாக மண் அணைத்திருந்தார். சொல்லி விளங்கப்படுத்தக் கொஞ்ச நாள் எடுத்தது.

2. மரம் யாருடையது என்று உறுதிசெய்யுங்கள்

நாங்கள் விட்ட முதல் பிழை இந்தப் படியைத் தவிர்த்தது. வீடு வாங்கும்போது லோயர் தந்த கோப்பில் சேர்வே பிளான், அதாவது காணி அளவைப் படம், இருக்கும். அதை எடுத்து மேசையில் விரியுங்கள். இல்லாவிட்டால் லோயரிடம் கேளுங்கள். பழைய பிரதி பெரும்பாலும் கிடைக்கும்.

முன்வளவு மரம் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ரொறன்ரோவில் தெருவோரத்திலிருந்து வீட்டுப் பக்கமாகச் சில மீற்றர் நிலம் நகரசபையுடையது. புல் வெட்டுவது நீங்கள், பனி தள்ளுவது நீங்கள், ஆனால் அதில் நிற்கும் மரம் நகரசபையின் மரம். அது எவ்வளவு சிறிதென்றாலும் அதன் வேரில் கை வைக்கக் கூடாது. 311 இலக்கத்துக்கு அழைத்து, அடியில் நெரிவேர் தெரிகிறது, வந்து பார்க்க வேண்டும் என்று பதியுங்கள். செலவு இல்லை. பதிவு இலக்கத்தை எழுதி வையுங்கள்.

அடுத்தது எல்லையில் நிற்கும் மரம். அடிமரம் இரண்டு காணிக்கும் நடுவில் இருந்தால், ஒன்ராறியோவின் வனவியல் சட்டம் 10ஆம் பிரிவின்படி அது இரண்டு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. மற்றவரின் சம்மதம் இல்லாமல் காயப்படுத்துவது குற்றம். வேலிக்கு மேலால் "ஓம், செய்யுங்கோ" என்று சொன்னது போதாது. ஒரு கடதாசியில் திகதி, முகவரி, செய்யப்போகும் வேலை எல்லாவற்றையும் நாலு வரியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

உங்கள் காணிக்குள் முழுதாக நிற்கும் மரம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

3. அளந்து, நகரசபையிடம் எழுத்தில் கேளுங்கள்

சொந்தக் காணியில் நிற்கும் மரத்துக்கும் விதி உண்டு. ரொறன்ரோவில் தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ கூடவோ விட்டமுள்ள மரத்தை வெட்டவோ காயப்படுத்தவோ அனுமதிப் பத்திரம் வேண்டும். நகராட்சிச் சட்டத் தொகுப்பில் இது 813ஆம் அத்தியாயம். மார்க்கம் நகரத்தில் எல்லை இன்னும் கீழே, 20 சென்ரிமீற்றர். மற்ற நகரங்களில் வேறு வேறு அளவு. உங்கள் நகரசபையின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

விட்டம் அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. தையல் நாடாவால் சுற்றளவை எடுத்து 3.14 ஆல் பிரியுங்கள். சுற்றளவு 94 சென்ரிமீற்றரைத் தாண்டினால் மரம் ரொறன்ரோவின் 30 சென்ரிமீற்றர் எல்லைக்குள் வந்துவிட்டது. மார்க்கம் நகரத்துக்கு அந்தக் கணக்கு 63. எங்கள் மரத்தின் சுற்றளவு 107, அதாவது விட்டம் 34.

நெரிவேரை எடுப்பது மரத்தின் நன்மைக்குத்தானே, அதற்கு ஏன் அனுமதி என்று நானும் கேட்டேன். பிரச்சினை என்னவென்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேர் வெட்டுதல்தான். பின்னால் மரம் பட்டுப்போனாலோ அயலவர் முறையிட்டாலோ, நீங்கள் எதற்காக வெட்டினீர்கள் என்பதற்கு ஒரு கடதாசியும் கையில் இருக்காது. ரொறன்ரோவில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரம் ஒன்றுக்கு 500 முதல் 100,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். அதனால் வேலைக்கு முன்பே நகர வனப்பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, இதற்குப் பத்திரம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுப்ப வேண்டியவை:

முழு மரத்தின் படம் ஒன்று, அடிமரத்தின் படம் நாலு பக்கமும். விலக்கிய மண்ணில் தெரியும் வேரின் கிட்டப் படம், பக்கத்தில் ஒரு அளவுகோலுடன். சேர்வே பிளானின் பிரதியில் மரம் நிற்கும் இடத்துக்கு ஒரு வட்டம். ஆர்பரிஸ்டின் கையெழுத்துள்ள கடிதம்: என்ன மரம், எவ்வளவு விட்டம், எத்தனை வேர், எதை, எப்படி, எப்போது வெட்டுவது.

கடைசிக் கடிதம்தான் முக்கியம். முதல் தடவை அது இல்லாமல் நான் படங்களை மட்டும் அனுப்பினேன். கடிதம் கேட்டுத் திரும்பி வந்தது. கடிதம் எழுத ஆள் தேடி, அவர் வந்து பார்த்து, எழுதி, திரும்ப அனுப்பி, பதில் வர எல்லாமாக ஏழு கிழமை போய்விட்டது. அதற்குள் நிலம் உறைந்துவிட்டது. கடிதத்துக்கும் வந்து பார்த்ததற்கும் 250 டொலர், வரியோடு 282.50. தேவையில்லாத செலவு என்று தோன்றும். ஆனால் மரத்தை ஒழுங்காகப் பார்த்து, எழுதி, பெயர் போட்டுப் பொறுப்பெடுத்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

ஹைலண்ட் கிறீக், ரூஜ் பக்கம் பள்ளத்தாக்கை ஒட்டி வீடு உள்ளவர்கள் கவனம். பள்ளத்தாக்குப் பாதுகாப்பு எல்லைக்குள் வரும் காணியில் எந்த அளவு மரத்துக்கும் விதி பொருந்தும். 30 சென்ரிமீற்றர் கணக்கு அங்கே செல்லாது.

4. தோண்டுவதற்கு முன் நிலத்துக்குள் என்ன ஓடுகிறது என்று அறியுங்கள்

கை மண்வெட்டியால் தோண்டினாலும் நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். இணையத்திலேயே பதியலாம், வீட்டுக்காரருக்கு இலவசம். சாதாரண விண்ணப்பத்துக்கு 5 வேலைநாள் கணக்கு. நான் இரண்டு கிழமை முன்னதாகவே பதிந்துவிடச் சொல்வேன். காஸ், மின்சாரம், தொலைபேசி என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பதில் தரும். எல்லாப் பதிலும் வந்து சேர்ந்த பிறகுதான் தோண்டத் தொடங்கலாம்.

புல்லில் நிறப் பூச்சு அடிப்பார்கள் அல்லது சிறு கொடி குத்துவார்கள். மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசி, இணையம். நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். குறியிட்ட கோட்டிலிருந்து ஒரு மீற்றருக்குள் இயந்திரம் பாவிக்கக் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். அவர்கள் தரும் சீட்டில் செல்லுபடியாகும் கடைசித் திகதி இருக்கும், அதற்குள் வேலையை முடியுங்கள். சீட்டு வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. காஸ், மின்சார அளவுமானிக்கு அப்பால் உங்கள் வளவுக்குள் ஓடும் சொந்த இணைப்புகளை இவர்கள் குறிக்க மாட்டார்கள். பார்பிக்யூவுக்கு இழுத்த காஸ் குழாய், கொட்டிலுக்குப் போன மின்கம்பி, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் எல்லாம் அதில் அடங்கும். எங்கள் மரத்தடியால் கொட்டிலுக்கு ஒரு மின்கம்பி போகிறது என்பதை முந்தைய வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் அறிந்தோம். கேட்க ஆள் இல்லாவிட்டால் தனியார் ஆளை வைத்துத் தேடுவியுங்கள்.

5. நாமே செய்வதா, ஆள் பிடிப்பதா

நான் எனக்கு வைத்த அளவு இது. மரம் சிறிது, நெரிவேர் ஒன்றோ இரண்டோ, பெருவிரல் மொத்தம், அடிமரப் பட்டைக்குள் இன்னும் புதையவில்லை என்றால் பொறுமையுள்ளவர் தானே செய்யலாம். வேர் அதைவிட மொத்தம், பட்டைக்குள் அமிழ்ந்துவிட்டது, அடிமரச் சுற்றில் பாதியைப் பிடித்துவிட்டது என்றால் ஆள் பிடியுங்கள். மரம் சாய்ந்திருந்தாலோ, அடியில் காளான் முளைத்திருந்தாலோ, அடிமரத்தில் வெடிப்பு இருந்தாலோ கிட்டவே போகாதீர்கள். அப்படிப்பட்ட மரத்தை நிறுத்தி வைத்திருப்பது நீங்கள் வெட்ட நினைக்கும் அந்த வேராகவே இருக்கலாம். 2022 மே 21 புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத் தெருக்களில் நடந்தவர்களுக்கு, மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆள் பிடிப்பதென்றால் மூன்று கடதாசி கேளுங்கள். முதலாவது, ஐ.எஸ்.ஏ. சான்றிதழ் இலக்கம். சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். இரண்டாவது, பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழ், காலாவதித் திகதியைப் பாருங்கள். மூன்றாவது, டபிள்யூ.எஸ்.ஐ.பி. (ஒன்ராறியோவின் வேலையிடக் காப்புறுதிச் சபை) தரும் கிளியரன்ஸ். உங்கள் வளவில் ஒருவருடைய கை வெட்டுப்பட்டால் அந்தக் கடதாசிதான் உங்களைக் காப்பாற்றும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்கான ஆட்கள் கேட்கும் முன்பே அனுப்புவார்கள்.

எனக்கு மூன்று விலை வந்தது. 480 டொலர்: மண்வெட்டியால் தோண்டி, செயின் வாளால் அறுப்பது. 950 டொலர்: காற்றால் மண்ணை விலக்கி, உளியாலும் கை வாளாலும் வெட்டுவது, அரை நாள் வேலை. 1,600 டொலர்: அதோடு சுற்றுமண்ணைத் தளர்த்திக் கொம்போஸ்ட் கலந்து, அடுத்த வருடம் ஒரு தடவை வந்து பார்ப்பது. நான் நடுவிலுள்ளதை எடுத்தேன், 13 வீத வரியோடு 1,073.50 ஆனது. உங்களுக்கு இந்தத் தொகை கூடலாம், குறையலாம். எந்த முறையில் செய்கிறார் என்பதைத்தான் பாருங்கள். "ஏர் ஸ்பேட் பாவிப்பீர்களா?" என்று கேளுங்கள். அது அமுக்கிய காற்றைப் பீய்ச்சி மண்ணை மட்டும் பறக்கவிடும் கருவி. மண் போகும், வேர் அப்படியே இருக்கும். மண்வெட்டி வைத்தால் நல்ல வேர் எது, கெட்ட வேர் எது என்று தெரியும் முன்பே பாதி வேர் அறுந்துவிடும்.

கதவில் துண்டுப் பிரசுரம் செருகிவிட்டு, அன்றைக்கே செய்தால் பாதி விலை என்பவர்களை விட்டுவிடுங்கள். "உச்சியை மொட்டையடித்தால் மரம் பலமாகும்" என்று ஒருவர் சொன்னார். வேர் நெரிபடும் மரத்துக்கு இலையையும் குறைத்தால் அது எதைச் சாப்பிடும்? முழுக்காசையும் முன்னால் கொடுக்காதீர்கள். எத்தனை வேர், எந்தப் பக்கம், எதனால் வெட்டுவது என்பது விலைச்சீட்டில் எழுத்தில் இருக்கட்டும்.

6. எந்த மாதம்

இலை கொட்டிய பிறகு நிலம் உறையும் வரை, அதாவது ஒக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் கடைசி வரை. அல்லது நிலம் இளகிய பின் துளிர் விரியும் முன், ஏப்ரல் அளவில். இந்த இரண்டு இடைவெளிதான் நல்லது. துளிர் விரியும் கிழமைகளில் மரம் சேமித்த பலத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கும், அப்போது வேண்டாம். ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் வேரைக் குறைப்பது தண்ணீர் குடிக்கும் வாயை அடைப்பது போல.

நவம்பரில் செய்ய வேண்டுமென்றால் ஓகஸ்டிலேயே தொடங்க வேண்டும். ஓகஸ்டில் அடியைப் பார்த்துப் படம், ஆர்பரிஸ்ட். செப்டெம்பர் தொடக்கத்தில் நகரசபைக்கு மின்னஞ்சல். ஒக்டோபரில் விலைகளும் வன் கோல் பதிவும். நான் செப்டெம்பர் கடைசியில் தொடங்கி, அந்த வருடத்தைக் கோட்டைவிட்டேன்.

7. மண்ணை விலக்குதல்

தானே செய்பவருக்குத் தேவையான சாமான்: சிறு கைக்கரண்டி, கை முள்ளு, பழைய தூரிகை, தண்ணீர் ஹோஸ், முழங்காலுக்கு ஒரு மெத்தை. ஈரமும் உறிஞ்சும் "ஷொப் வாக்" வகை வாக்குவம் இருந்தால் வேலை பாதியாகும். ஹோஸால் மண்ணைக் கரைத்து, சேற்றை உறிஞ்சி எடுக்கலாம். அலவாங்கை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

அடிமரத்திலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றிவர அரை மீற்றர் அகலத்துக்கு மண்ணை விலக்குங்கள். அடிவிரிவு தெரியும் வரை ஆழம் போக வேண்டும். தலைமயிர் போன்ற மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே அடிமரத்தைச் சுற்றிப் படர்ந்திருந்தால் அவற்றைக் கத்தரிக்கலாம். எங்களுடையதில் அடிவிரிவு 18 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தது. அதோடு செம்மஞ்சள் நைலோன் கயிறு ஒன்றும், கன்றோடு வந்தது, அவிழ்க்காமலே நட்டிருக்கிறார்கள். சணல் என்றால் உக்கிப் போகும். நைலோன் இருபது வருடமானாலும் உக்காது.

மண் விலகியதும் உடனே வெட்டத் தொடங்காதீர்கள். வேரைத் தண்ணீரால் கழுவி, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் பின்தொடருங்கள். எல்லாவற்றையும் படமெடுங்கள். வெட்ட நினைப்பதில் சோக்கால் குறி போடுங்கள். முடிந்தால் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பப் பாருங்கள். வேர் காய்ந்துபோகாமல் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

8. வெட்டுதல்

கருவி: கூரான கத்தரி, சிறு பல்லுள்ள கை வாள், மர உளி, மரச் சுத்தியல். கோடரியும் செயின் வாளும் வேண்டாம். ஒரு விநாடி தவறினால் அடிமரப் பட்டை போய்விடும்.

அடிமரத்தோடு இன்னும் ஒட்டாத வேரை, அது தாய்வேரிலிருந்து பிரியும் இடத்தில் வெட்டி, மற்ற நுனியை அடிமரத்தைத் தாண்டியபின் வெட்டி, நடுத்துண்டைத் தூக்கி எடுத்துவிடலாம். வெட்டும்போது வேருக்கும் அடிமரத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய தகரத் துண்டைச் செருகி வையுங்கள். உளி வழுக்கினால் தகரம் தாங்கிக்கொள்ளும்.

பட்டைக்குள் புதைந்த வேர் வேறு கதை. அதை நெம்பி எடுக்கவே கூடாது. எடுத்தால் அடிமரப் பட்டையும் சேர்ந்து உரிந்து வரும், அந்தக் காயம் நெரிவேரைவிட மோசம். புதைந்த துண்டின் இரண்டு பக்கமும் வெட்டி, நடுத்துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். உயிரற்ற துண்டு இனிப் பருக்காது. காலப்போக்கில் உக்கிப் போகும், மரம் அதைத் தள்ளிக்கொண்டு வளரும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க ஆசை வரும். வேண்டாம். நெரிக்கிற வேரும் ஒரு வேர்தான், மேலே ஏதோ ஒரு கொப்புக்கு அது தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மரத்தில் நாலு இருந்தது. அவற்றில் மூன்று, ஒரு விரல் மொத்தமானவை, அவற்றை முதல் நவம்பரில் எடுத்தோம். நாலாவது 7 சென்ரிமீற்றர், மேற்குப் பக்கத்தை அமுக்கியது அதுதான். எனக்கு அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் போலிருந்தது. ஆர்பரிஸ்ட் மறுத்துவிட்டார். ஒரு கோடை முழுதும் மரம் தேறிய பிறகு, அடுத்த நவம்பரில் அதன் இரண்டு பக்கமும் உளியால் வெட்டினார். பொறுத்தது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன்.

ஊரில் மாங்கொப்பு வெட்டினால் சாணி பூசுவோம். இங்கே வெட்டுவாயில் சாணியும் வேண்டாம், கடையில் விற்கும் கறுப்புப் பூச்சும் வேண்டாம். வெட்டு நேராகவும் சுத்தமாகவும் இருந்தால் போதும்.

9. மூடுதலும் தண்ணீரும்

எடுத்த மண் முழுவதையும் திரும்பப் போடாதீர்கள். அடிவிரிவு வெளியே தெரிய வேண்டும், இனி எப்போதும் தெரிய வேண்டும். சுற்றிவரக் கிண்ணம் போலச் சரிவாக மண்ணை இறக்கி, வெளிப்பக்க வேர்களை மட்டும் மூடுங்கள். மல்ச் 5 முதல் 8 சென்ரிமீற்றர் தடிப்பம் போதும், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே போட வேண்டும்.

அடுத்த கோடைதான் சோதனை. மழை இல்லாத ஒவ்வொரு கிழமையும் ஒரு தடவை ஹோஸை மெதுவாகத் திறந்து விட்டு, இடம் மாற்றி மாற்றி நனையுங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மண்ணில் குத்துங்கள், 20 சென்ரிமீற்றர் சுலபமாக இறங்கினால் போதிய ஈரம். தினமும் கொஞ்சம் தெளிப்பது பிரயோசனமில்லை, அது புல்லுக்குத்தான் போகும். அந்த வருடம் பசளை போடாதீர்கள். வேர் குறைந்த மரத்தை நிறைய இலை விடச் சொல்லித் தூண்டுவது அதற்குப் பாரம். பனிக்காலத்தில் டிரைவ்வே உப்போடு சேர்ந்த பனியை மரத்தடியில் குவிக்கவும் வேண்டாம்.

உடனே பலன் தெரியும் என்று பார்த்திருக்காதீர்கள். எங்களுக்கு இரண்டு கோடை எடுத்தது. காய்ந்த கொப்பு திரும்பத் துளிர்க்காது, பக்கத்தில் புதுக்கொப்பு எப்படி வளர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தலையில் பாதிக்கு மேல் காய்ந்த மரமென்றால், இந்தச் செலவைச் செய்யும் முன் ஆர்பரிஸ்டிடம் நேராகக் கேளுங்கள். சில மரங்களுக்கு நேரம் கடந்துவிட்டிருக்கும், அந்தக் காசைப் புதுக்கன்றுக்குச் செலவிடுவது நல்லது.

10. புதுக்கன்று நடுபவர்களுக்கு

இது சிறு படி, ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் மிச்சப்படுத்தும். சட்டியிலிருந்து எடுத்த கன்றின் வேர் சட்டியின் வடிவத்தில் சுற்றியிருந்தால், கூரான வாளால் வெளிச்சுற்றை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் சீவி எடுத்துவிடுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் செய்யுங்கள். வேர்ப்பந்தின் மேல் மண்ணை விலக்கி அடிவிரிவு எங்கே என்று பார்த்து, அது தரைமட்டத்தில் வரும்படி குழி வெட்டுங்கள். கன்று கம்பிக் கூடையோடும் சாக்கோடும் வந்திருந்தால், கூடையின் மேற்பாதியையும், சாக்கையும், கயிறு முழுவதையும் அகற்றுங்கள்.

முன்வளவில் நகரசபை நிலத்தில் மரம் வேண்டுமென்றால் ரொறன்ரோ நகரசபை இலவசமாக நட்டுத் தரும், 311இல் கேட்கலாம். பின்வளவுக்கு லீஃப் என்ற அமைப்பு சலுகை விலையில் கன்று தந்து நட்டும் கொடுக்கிறது. நட வருபவர்களிடம், அடிவிரிவு தெரியும்படி நடச் சொல்லி பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒவ்வொரு செப்டெம்பர் முதல் கிழமையும் ஒரே இடத்தில் நின்று மரத்தை ஒரு படம் எடுங்கள், அடியில் ஒரு படம். வெட்டிய இடத்திலிருந்து புதுவேர் கிளம்பித் திரும்ப உள்ளே வளையப் பார்க்கும், பென்சில் மொத்தத்தில் கண்டால் சாதாரணக் கத்தரியாலேயே எடுத்துவிடலாம். போன செப்டெம்பரில் எங்கள் மரத்தில் அப்படி இரண்டு இருந்தது. ஐந்து நிமிட வேலை. மேற்குப் பக்கம் அப்போது பச்சையாகத்தான் நின்றது.